இறங்காத வெளிச்சம்

இரவு பதினொன்றரை தாண்டியிருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து குமாரபாளையம் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து உள்ளே போகிற ஒரு தார் ரோடு. ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் இருக்கிறார்கள்... ஒருவரைத் தவிர.

ரோட்டின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. நடுவில் ஒரு வளைவு. வளைவை ஒட்டினாற்போல ஒரு கிணறு. அதன் கைப்பிடிச் சுவர் எப்போதோ ஒரு மழையில் சரிந்துபோய், அந்த இடத்தில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் எந்த நேரத்திலும் தறிச் சத்தம் கேட்கும் ஊர் அது. தடக் தடக் என்று விடிய விடிய ஓடும். அன்றைக்கு ஆயுத பூஜை. தறிகளெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருந்தன. அதனால் அந்த ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை... இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அந்த ரோட்டில் காரில் வந்துகொண்டிருந்தவர் சென்னிமலை. நம்ம மெக்கானிக் இளவழகனுக்குத் தாய்மாமன். நடந்ததை அவர் இளவழகனிடம் மட்டும்தான் சொன்னார், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. இளவழகனும் சத்தியத்தை மதிப்பவன். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னான்.

சென்னிமலைக்குத் திருச்செங்கோட்டில் கார் அலங்காரக் கடை. சீட் கவர், ஸ்டீரியோ, டேஷ்போர்டில் தலையாட்டும் பொம்மை, அதற்குப் பக்கத்தில் வைக்கிற சென்ட் பாட்டில். நல்ல வியாபாரம். அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு நமக்குக் கதை கிடைத்திருக்காது. ஒரு எல்.இ.டி. பல்பு கம்பெனி கோயம்புத்தூரில் ஒருநாள் பயிற்சி நடத்தியது. போனார். மத்தியானம் பிரியாணி போட்டார்கள், சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் கடைப் பலகையை மாற்றினார். ‘வாகன ஒளியியல் ஆலோசகர்’ என்று பெயருக்குக் கீழே ஏறியது. அன்றிலிருந்து யார் பேசப் போனாலும் லூமென்ஸ், கெல்வின் என்று வெளிச்ச அளவுகளில்தான் பதில். போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவர் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் கெல்வினுங்கறவரு கேரளாக்காரருங்களா?” என்று கேட்டதாகத் திருச்செங்கோட்டில் இன்றும் சொல்வார்கள்.

பழைய ஹாலோஜன் பல்பைக் கழற்று, எல்.இ.டி.யை மாட்டு. இதுதான் ஆலோசனை. மஞ்சள் வெளிச்சத்தில் வண்டி ஓட்டுபவர்களை அவர் பரிதாபமாகப் பார்ப்பார், குடிசை வீட்டைப் பார்ப்பது போல.

பூஜைக்கு முன்வாரம் தன் காருக்கே எல்.இ.டி. மாட்டுவதை செல்போனில் படம் எடுத்துப் போடுவதென்று முடிவு செய்தார். ‘ஐந்தே நிமிடத்தில் அதிசயம்’ என்று தலைப்பு. கடைப் பையன்கள் கையில் போன். சந்தன நிறச் சட்டையில் ஆலோசகர். இடது பக்க பல்பு சுளுவாக மாட்டிவிட்டது. வலது பக்கம் மட்டும் தகராறு செய்தது. பல்பு ஹெட்லைட்டின் பின்பக்கக் காடியில் சரியாக உட்கார்ந்தால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. பல்பு கொஞ்சம் திரும்பி நின்றது. ஐந்து நிமிடம் முடியப் போகிறதென்று பையன் சைகை காட்டினான். ஆலோசகர் ஓர் அழுத்து அழுத்தினார், ரப்பர் மூடியைப் போட்டார், பானெட்டைச் சாத்தினார், கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில்தான் மாரியப்பன் கடைக்கு வந்தான். சென்னிமலையின் ஊர்க்காரன்தான். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவன். பழைய மொபெட் ஒன்று வைத்திருந்தான். தறியில் மாட்டி வலது கட்டைவிரலின் நுனி போனவன். நகமில்லாமல் மொழுக்கென்றிருக்கும், குறுக்கே ஒரு தையல் தழும்பு. மொபெட்டுக்கு ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று வந்தவன், மேஜைமேல் கழற்றி வைத்திருந்த ஹாலோஜன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“ஏனுங்ணா, இது நல்லாத்தான இருக்குது? இதயெதுக்குக் கழட்டிப் போட்டீங்க?”

கண்ணாடியில் கை வைக்காதே என்று சென்னிமலை அதட்டினார். அது உண்மைதான். ஹாலோஜன் பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். பல்பு எரிந்து சூடேறும்போது அந்த இடம் மட்டும் கருகிப்போகும். மெக்கானிக்குகள் எல்லாரும் துணியில் பிடித்துத்தான் மாட்டுவார்கள். மாரியப்பன் பயந்துபோய்ப் பல்பைச் சட்டையில் துடைத்து வைத்தான். அவன் கேட்டது மொபெட்டுக்கு ஒரு சின்னப் பல்பு. சென்னிமலை கடையில் அந்தச் சில்லறையெல்லாம் இல்லை. பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் வேறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆலோசகருக்கு ஒரு நகைச்சுவை தோன்றியது.

“உன்ற வண்டிக்கு லைட்டே எதுக்கு மாரி? நாங்க போடற வெளிச்சத்துலயே நீ ஊடு போய்ச் சேந்துக்கலாம்.”

பையன்கள் சிரித்தார்கள். மாரியப்பனும் சிரித்தான். அவன் அப்படித்தான், தன்னைப் பார்த்துச் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரிப்பான். கழற்றிய பல்புகள் மேஜை டிராயருக்குள் போயின.

இப்போது அந்த இரவுக்கு வருவோம்.

கடையில் பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பையன்களுக்குச் சட்டைத் துணி கொடுத்து, சென்னிமலை புறப்பட நேரமாகிவிட்டது. காரின் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஹெட்லைட் கண்ணாடியில் சந்தனம், குங்குமம். ஏ.சி. ஓடுகிறது, கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன. முன்னால் ரோடு பட்டப்பகலாக வெளுத்துக் கிடக்கிறது. மரவள்ளி இலைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. தென்னை மரங்களின் உச்சி வரை வெள்ளை. தன் வெளிச்சத்தைத் தானே ரசித்துக்கொண்டு வந்தார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. ஒற்றை வெளிச்சம். மங்கல்.

அது அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது. இரவில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த பாஷை. கண் கூசுகிறது, வெளிச்சத்தைக் கீழே இறக்கி டிம் அடியுங்கள் என்று அர்த்தம்.

சென்னிமலை முறை தெரிந்தவர். டிம் அடித்தார். டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்தது. ஆனால் தென்னை உச்சியில் இருந்த வெள்ளை... அப்படியே இருந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்தாரா என்று கேட்டால் அந்த நிமிடம் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பார்த்தார்.

மஞ்சள் வெளிச்சம் இன்னொரு தடவை அணைந்தது. எரிந்தது. கொஞ்சம் அலைந்தது. பிறகு இல்லை.

தொப் என்று ஒரு சத்தம். நூல் மூட்டையை வண்டியிலிருந்து கீழே போட்டால் வருமே, அப்படி. தறி ஓடுகிற நாளாக இருந்தால் காதில் விழுந்திருக்காது. வாழைக்கன்று எதிலோ உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வளைவில் திரும்பினார். எதிரே யாரும் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சிவப்புப் புள்ளி ஒன்றுமில்லை. கும்மிருட்டு.

எதிரே வந்த வண்டி கடந்து போகவில்லை. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இவ்வளவே போதும்.

கால் பிரேக்குக்குப் போனது உண்மை. ஏதோ காட்டுப் பாதையில் திரும்பியிருப்பான் என்று கால் தானாக முடிவு செய்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வீட்டில் மனைவி மயிலம்மாள் கதவைத் திறந்ததும் சென்னிமலை முதலில் சொன்ன வார்த்தை, “டிம் அடிச்சுட்டுத்தான் வந்தேன்.” எதற்கு, யாருக்கு என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. சாப்பாடு போடட்டுமா என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

காலையில் கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. தண்ணீர் மேல் பொரி மிதந்தது. தறிப் பட்டறை பூஜையில் கட்டிக் கொடுத்த பொரி, பெரிய ரோட்டுப் பக்கம் பாட்டி வீட்டிலிருந்த பிள்ளைக்கென்று எடுத்துப் போனது. ஊறிப் பெருத்து, கிணறு முழுக்க வெள்ளையாகப் பரவியிருந்தது. போர்வெல் வண்டிக்காரர்களின் கிரேன் வந்து முதலில் மொபெட்டைத் தூக்கியது. பிறகு... சரி, விடுங்கள்.

சுற்றி நின்றவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தினமும் போய்வருகிற ரோடு, தினமும் பார்க்கிற கிணறு, எப்படி விழுவான்? பூஜை நாள், பட்டறையில் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள் என்றார் ஒருவர். விசாரிக்க வந்த போலீஸ்காரர் கூட்டத்தில் வெள்ளை வேட்டியாக நின்ற சென்னிமலையைப் பார்த்து, ஆள் தண்ணி போடுவானா என்று கேட்டார். மாரியப்பன் காப்பிகூடக் குடிக்காதவன் என்று சென்னிமலைக்குத் தெரியும். வாயைத் திறந்தார். “இருக்கலாமுங்க” என்றார். ஒரே ஒரு சொல். சவப் பரிசோதனை அறிக்கை வர மாதக்கணக்காகும். ஊரின் அறிக்கை அங்கேயே, அப்போதே வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. கேட்காத ஆட்களிடமெல்லாம் அவர் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தார். டீக்கடையில், சலூனில், பால் சொசைட்டியில்... ராத்திரி வண்டி ஓட்டினால் எதிரே வருகிறவனுக்கு டிம் அடிக்க வேண்டும், நான் எப்போதும் அடித்துவிடுவேன் என்று. நல்ல பழக்கம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் இரவு. அதே ரோடு. தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. வளைவு நெருங்க நெருங்கத் தறிச் சத்தம் தேய்ந்து... நின்றுபோனது. எதிரே மஞ்சள் வெளிச்சம். ஒற்றை வெளிச்சம். அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது.

சென்னிமலை டிம் அடித்தார். மஞ்சள் வெளிச்சமும் தன்னைத் தாழ்த்திக்கொண்டது, மரியாதையாக. வளைவில் திரும்பினார். யாருமில்லை. கண்ணாடியில் சிவப்புப் புள்ளி இல்லை. தடக் தடக் என்று தறிச் சத்தம் மறுபடியும் காதில் விழுந்தது.

தினமும் இப்படித்தான். வேறு ஒன்றும் செய்யாது. அலறல் இல்லை, வெள்ளைச் சேலை இல்லை. டிம் அடியுங்கள் என்று கேட்கும். தானும் டிம் அடிக்கும். கடந்து போகாது.

ஒருநாள் சென்னிமலை வீட்டு மதில் சுவருக்கு எதிரே காரை நிறுத்திப் பார்த்தார். பிரைட் போட்டார். சுவர் முழுக்க வெள்ளை. டிம் போட்டார். இடது பக்க வெளிச்சம் ஒழுங்காகக் கீழே இறங்கியது. வலது பக்கம், எதிரே வருகிறவன் முகத்துக்கு நேராக வருகிற பக்கம், சுவரைத் தாண்டி வேப்ப மரத்தில் போய் நின்றது. பானெட்டைத் திறந்து பல்பைத் தொட்டார். லேசாகத் திருப்பினார். ‘க்ளிக்.’

அவ்வளவு சின்னச் சத்தம். அதைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே நின்றார்.

மறுநாள் எல்.இ.டி. இரண்டையும் பிடுங்கிவிட்டு, டிராயரில் கிடந்த பழைய ஹாலோஜனைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தே மாட்டினார், கடையில் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று. மயிலம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் புதுச மாட்டியுட்டுப்போட்டு நீங்க பழசப் போடறீங்க?”

ஆராய்ச்சி என்றார் ஆலோசகர். துணியால் பிடித்துத்தான் மாட்டினார். துணியைத் தாண்டி ஒரு பல்பு மட்டும் கதகதவென்று இருந்தது. டிராயர்மேல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தார். டிராயர் கடையின் உள்ளறையில் இருந்தது. அங்கே வெயில் வராது.

ஹாலோஜன் மாட்டியும் அது வந்தது. இப்போது இன்னும் கிட்டத்தில். மொபெட் இன்ஜின் சத்தம் கேட்டது. டுக்... டுக்... டுக்... ஏற்றிய கண்ணாடியையும் மீறி ஒரு வாசனை. கற்பூரம், கிணற்றுப் பாசி, ஊறிய பொரி. ஒருநாள் காலையில் காரைத் துடைத்த மயிலம்மாள், முன்பக்கக் கம்பி வலையில் பொரி ஒட்டியிருக்கிறதே, எந்தக் கோயிலுக்குப் போனீர்கள் என்று கேட்டார். ஆயுத பூஜை முடிந்து மூன்று மாதமாகியிருந்தது.

சென்னிமலைக்கு ஒரு வழிதான் தோன்றியது. மாரியப்பன் மனைவி சௌந்திரத்திடம் போய் நடந்ததைச் சொல்லிவிடுவது. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. இரண்டு தடவை கிளம்பினார். இரண்டு தடவையும் வழியில் யாரோ ‘ஆலோசகர் வணக்கம்’ என்றார்கள். திரும்பிவிட்டார். மூன்றாம் முறை இன்னும் நல்ல யோசனை வந்தது. பரிகாரமும் ஆக வேண்டும், பெயரும் கெடக்கூடாது. அப்படியானால் விழிப்புணர்வு முகாம்தான்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம். ‘எதிரில் வருபவரும் மனிதரே’ என்று ஃப்ளெக்ஸ். அதில் ஒரு ஓரத்தில் ஹெட்லைட், மிச்சமெல்லாம் சென்னிமலை. அந்தக் காலத்தில் ஹெட்லைட் கண்ணாடி நடுவில் கருப்புப் பொட்டு வைப்பார்களே, எதிரே வருகிறவன் கண் கூசாமலிருக்க... அந்தப் பொட்டை ஸ்டிக்கராக அடித்து, வருகிற வண்டிக்கெல்லாம் இலவசமாக ஒட்டினார்கள். தன் காருக்குத்தான் முதலில் ஒட்டினார். போட்டோ எடுத்தார்கள். ஊர்ச் சங்கம் ஒன்று சால்வை போர்த்தி ‘ஒளிச்செம்மல்’ என்று பட்டம் கொடுத்தது. பட்டத்தை யார் யோசித்தது என்று கேட்காதீர்கள். சால்வையும் அவர் கடைச் செலவுதான்.

சௌந்திரத்தையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள், தையல் மெஷின் கொடுப்பதற்கு. அந்தப் பெண் நூல் சுற்றும் வேலை முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு, மகள் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் சென்னிமலையைத் தனியாகப் பிடித்தாள்.

“எனக்கு மிசினெல்லாம் வேண்டாமுங்ணா. குடிகாரன் மவள்னு சொல்றாங்கன்னு இவ பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கறா. அவுரு குடிக்க மாட்டாருன்னு மைக்குல ஒரு வார்த்த சொல்லியுடுங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்.”

அதற்கென்ன, சொல்லிவிட்டால் போச்சு என்றார் சென்னிமலை. உண்மையாகவே சொல்லிவிடுவதென்றுதான் மேடையேறினார். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது.

மைக்கைப் பிடித்தார். மாரியப்பன் என்று ஆரம்பித்தார். கூட்டம் அமைதியானது. அவன் குடிக்காதவன்... இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பிறகு ஏன் விழுந்தான்? அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்த கேள்வி. நூல் சுற்றிய கோனில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் வந்துவிடுமே, அப்படி. தோளில் சால்வை கனத்தது. எதிரே ஃப்ளெக்ஸில் அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தங்கையின் கண்ணீரைப் பார்த்தாவது,” என்றார் ஒளிச்செம்மல், குரல் தழுதழுக்க, “குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நிறுத்துவோம் என்று உறுதி ஏற்போம்.”

கை தட்டினார்கள். நிலா அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சௌந்திரம் அழவில்லை, சண்டை போடவில்லை. கையில் கொடுத்திருந்த தையல் மெஷின் டோக்கனை நாற்காலி மேல் வைத்துவிட்டு இறங்கினாள். அவரைக் கடக்கும்போது நின்றாள்.

“உங்களப் பத்தி ஊட்ல சொல்லிச் சிரிச்சாருங்ணா. ‘எனக்கு லைட்டே வேண்டாமாம், அவுங்க போடற வெளிச்சத்துலயே ஊடு வந்து சேந்துக்கலாமாம்’னு.” கொஞ்சம் யோசித்தாள். “அதுக்குத்தான் அந்த வாரம் அவுரு பல்பே மாத்துல.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த இரவு அங்கே இவர் கார் வந்தது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு... பந்தல் பிரித்து, எல்லாரையும் அனுப்பிவிட்டு, சென்னிமலை தனியாகத்தான் காரை எடுத்தார். ஹாலோஜன் வெளிச்சம். அதற்கு மேல் கருப்புப் பொட்டு. ரோடு அரைகுறையாகத்தான் தெரிந்தது. வளைவு வந்தது. தறிச் சத்தம் தேய்ந்தது. நின்றது.

மஞ்சள் வெளிச்சம் எதிரே நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு அது அணைந்து எரியவில்லை. டிம் அடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தது போல... சும்மா நின்றது. பிறகு நிறம் மாறியது. மஞ்சள் வெளிறி, வெள்ளையாகி, வெள்ளை நீலமாகி... அவருக்குப் பழக்கமான வெளிச்சம். அவரே புகழ்ந்து விற்கிற வெளிச்சம். கண்ணுக்குள் ஊசி ஏற்றியது போல இருந்தது. கையால் மறைத்தார். விரல்களின் சதை வழியாகச் சிவப்பாக உள்ளே வந்தது. ரோடு எங்கே, காடு எங்கே, ஸ்டீயரிங் எங்கே என்று தெரியவில்லை. தன் காரின் டிம் பிரைட் விசையைத் தேடி அணைத்து எரித்தார். அணைத்து எரித்தார். இன்னொரு தடவை... அப்போது அவருக்குப் புரிந்தது, தான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று.

கால் எப்படியோ பிரேக்கை மிதித்தது. இன்ஜின் அடங்கியது.

கண் திரும்பி வந்தபோது இருட்டு. கார் ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. முன் சக்கரத்தின் கீழே வேலிமுள் நொறுங்குகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. அதற்கு முன்னால் தரை இல்லை. கீழே, வெகு கீழே, மண்ணாங்கட்டி ஒன்று தண்ணீரில் விழுந்தது. பாசி வாசனை மேலே ஏறி வந்தது.

சாவியைக்கூட எடுக்காமல் இறங்கினார். செல்போன் செத்திருந்தது. வீடு நடக்கிற தூரம்தான். நடக்க ஆரம்பித்தார். நிலா வெளிச்சம் இல்லை, காலடியில் ரோடு தெரியவில்லை. கொஞ்ச தூரம் தட்டுத் தடுமாறிப் போனார்.

பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது.

வெள்ளை வெளிச்சம். ரோட்டின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கூடவே சத்தம், நடைவேகத்தில். டுக்... டுக்... டுக்... அவர் நின்றால் அது நின்றது. நடந்தால் வந்தது. அவர் நிழல் அவருக்கு முன்னால் விழுந்து நீண்டு நீண்டு போனது. திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. மரவள்ளிக் காடு போனது, பால் சொசைட்டி போனது, மாரியப்பன் வீடு இருந்த தெரு போனது. அந்தத் தெரு முனையில் மட்டும் சத்தம் ஒரு நொடி தயங்கியது. பிறகு தொடர்ந்தது. அவருக்கு முன்பே அவர் நிழல் வீட்டுக் கேட்டைத் தொட்டுவிட்டது.

அவர் கேட்டில் கை வைத்ததும் அந்த வெளிச்சம் டிம் ஆனது. நிஜமாகவே கீழே இறங்கியது.

மயிலம்மாள் கதவைத் திறந்து அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

“ஆரு கொண்டாந்து உட்டாங்க? பாவம், ஊடு வரைக்கும் லைட்டுப் போட்டுட்டே வந்தாங்களே. உள்ள கூப்புடலாமல்ல?”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. யார் என்று மனைவியே கேட்கிறார். ஒரு பெயர் சொன்னால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். சென்னிமலை வாயைத் திறந்தார். “தெரிஞ்ச பையன்” என்றார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் அடித்தது.

மறுநாள் கிணற்றடியிலிருந்து காரை இழுத்து வந்தவன் இளவழகன். வலது ஹெட்லைட் எரியவில்லை. பல்பைக் கழற்றினான். கண்ணாடியில் கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை... ரேகை என்று சொல்ல முடியாது. மொழுக்கென்று ஒரு வட்டம், குறுக்கே ஒரு தழும்பு. மாமனிடம் காட்டினான். அப்போதுதான், காய்ச்சல் வேகத்தில், எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார்.

போய் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மாமா என்றான் இளவழகன். சொல்லலாம், சமயம் வரட்டும் என்றார். காய்ச்சல் விட்டதும், அப்படியெல்லாம் தான் சொல்லவே இல்லை என்றார். ஊரில் இன்றைக்கும் மாரியப்பன் குடித்துவிட்டு விழுந்தவன்தான். நிலா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு நூல் சுற்றப் போகிறாள். அவர்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் ஒளிச்செம்மல் பகலிலும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு போவார்.

அந்தக் காருக்கு இளவழகன் புதுப் பல்பு மாட்டினான். துணியில் பிடித்துத்தான் மாட்டினான். வாரம் திரும்புவதற்குள் போய்விட்டது. கழற்றினால் அதே கட்டைவிரல். மறுபடி மாற்றினான். கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலும். அப்புறம் நடுவிரல். யாரோ ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பது போல.

போன மாதம் ஈரோட்டிலிருந்து புதுப் பல்பு ஒன்று வரவழைத்தான். கூரியர்க்காரர் கையில் கொடுத்தார். வாங்கியவன் கீழே போட்டுவிட்டான். சீல் பிரிக்காத டப்பா.

சூடாக இருந்தது.